முதல் கேள்வி: எந்தக் கட்சி

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றிவிட்டது.

சர்வே மறுபடி ஆரம்பம். எங்கள் சட்டமன்ற உறுப்பினர், ஊருக்கெல்லாம் ஒய்பி, தன் மேல் ஜனங்களுக்குத் திருப்தியா என்று அவ்வப்போது கம்பெனி வைத்துக் கேட்பார். காசு அவருடையது, பேர் கம்பெனியுடையது, நடக்கிற கால் என்னுடையதும் கூட வேலை பார்க்கும் யோகாவுடையதும்.

செய்ய: டேப்லெட் சார்ஜ். செருப்பு வார். அக்காவுக்கு நெத்திலி. குடை (கிழிந்தது வேண்டாம்).

சுங்கை புரோங் முடித்தோம். வயல் பக்கம் ஒதுங்க நிழல் இல்லை. ஒரு மலாய்க்கார அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு எல்லாக் கேள்விக்கும் "ஓக்கே லா" என்றாள். எந்தக் கட்டத்தில் தட்டுவது? நடுவில் தட்டினேன்.

ஜூன் 5, வியாழன்

அக்காவின் தோட்டம். பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து மோட்டாரில் போனேன். வழியெல்லாம் செம்பனைக் குலை லோரி கிளப்பிய புழுதி, தலை செம்பட்டை.

தோட்டம் கைமாறிவிட்டது. புது முதலாளி தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை இடிக்கப் போகிறான், நோட்டீஸ் வந்தாயிற்று. போன தேர்தலில் ஒய்பி கோயில் வாசலில் நின்று, அரசாங்க நிலம் வாங்கி எல்லாருக்கும் வீடு கட்டித் தருவேன் என்று சொன்னார். அதற்குப் பிறகு வந்தது தீபாவளி ஹேம்பர் கூடையோடுதான்.

அதனால் வீட்டுக்கு வீடு நானே சொன்னேன். "மனசுல உள்ளதச் சொல்லுங்க. மேல போகும். சொந்தக் கட்சி ஆளுங்களே கோவமா இருக்காங்கன்னு தெரிஞ்சா அவரு அசைவாரு." நம்பினார்கள்.

முதல் கேள்வி, எந்தக் கட்சி. இந்த லயத்தில் அதைக் கேட்பதே வேடிக்கை. பிள்ளை பிறந்தாலே கட்சி என்று இருந்த இடம். இன்று கேட்டது:

"கட்சியா? அதத் தலமுழுகியாச்சு."

"எந்தக் கட்சியும் வேணாம்மா. இல்லன்னு போடு."

"நீ கேக்கறதால சொல்றேன். இல்ல."

திருப்தியா என்ற கேள்விக்கு வந்த பதில்களை இங்கே எழுத முடியாது. நல்ல வசவு.

சொந்தக்காரர் வீட்டில் நான் கேட்கக் கூடாது, விதி. அக்கா வீட்டுக்கு யோகா போனாள், சீக்கிரமே வெளியே வந்தாள். "உங்க மாமா கட்சி அட்டையத் திருப்பிக் கொடுத்துட்டாராம்க்கா. திருப்தி கொஞ்சமும் இல்லன்னு அழுத்திப் போடச் சொன்னாரு."

ஆறுமுகம் மாமா, அக்கா புருஷன். இந்தத் தோட்டத்துக் கிளைத் தலைவர். ஒய்பிக்காக மழையில் நின்று கொடி கட்டியவர். அவரே இப்படி என்றால் ஒய்பி ஆடிப்போவார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஜூன் 16, திங்கள்

புகைமூட்டம். தொண்டை எரிச்சல்.

ரிசல்ட். எங்கள் சூப்பர்வைசர் ஃபாரிடா காட்டினாள். முதல் பக்கம், பெரிய எழுத்து: கட்சி ஆதரவாளர்களிடம் ஒய்பிக்கு ஆதரவு போன முறையை விட ஏறியிருக்கிறது. ஆபீசில் எல்லாருக்கும் கேக்.

எப்படி ஏறும்? என் காதால் கேட்டேனே.

ஃபாரிடா கேக் தின்றுகொண்டே விளக்கினாள். கட்சி இல்லை என்று சொன்னவர்கள் "மற்றவர்கள்" கணக்கு. அவர்கள் கடைசிப் பக்கத்தில். கடைசிப் பக்கம் வரை ஒய்பி வருவதில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்த பிறகுதான் மண்டையில் ஏறியது. போன முறை மாமா கட்சிக்காரர், திருப்தி இல்லை என்றார், ஒய்பியின் மதிப்பு இறங்கியது. இந்த முறை வெறுத்துப்போய்க் கட்சியையே விட்டார், மதிப்பு ஏறிவிட்டது. மீ கோரேங் வாயில் வைக்க வழியில்லை என்பவன் கடைப் பக்கமே வராமல் போனால், உள்ளே உட்கார்ந்திருப்பவனெல்லாம் பிரமாதம் என்றுதான் சொல்வான்.



ஜூன் 18, புதன்

மனசு கேட்கவில்லை. கோல சிலாங்கூர் போய் ஒய்பியை அவர் சேவை மையத்திலேயே பார்த்தேன். ஃபாரிடாவுக்குத் தெரிந்தால் வேலை போகும். போகட்டும்.

"கலாக்கா, நம்ம ஆளுங்க சந்தோசமாத்தான் இருக்காங்க லா. ரிப்போர்ட் பாத்தீங்கதானே?"

லயத்தைச் சொன்னேன். மாமாவைச் சொன்னேன்.

"ஆறுமுகண்ணன் அந்தப் பக்கம் போயிட்டாரேக்கா. இனிமே நான் தங்கத்துல வீடு கட்டிக் குடுத்தாலும் குறைதான் சொல்வாரு. நம்ம ஆளுங்க கேட்டா சொல்லுங்க, நாளைக்கே மேல போய்ச் சண்ட போடறேன். கேக்கலையே?"

கெட்ட மனிதர் இல்லை. தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார், என் பெண்ணின் படிப்பை விசாரித்தார். சொன்னதை நிஜமாகவே நம்புகிறார். அதுதான் வயிற்றெரிச்சல். கோபக்காரனெல்லாம் எதிரி என்று ஆகிவிட்டால், சொந்தக் கட்சிக்காரனிடம் கோபமே இருக்காதே.

அடுத்த மாதம் தோட்டங்களில் மட்டும் மறுபடி சர்வேயாம். இந்த நல்ல ரிசல்ட்டை மேலிடத்துக்கு இன்னும் அழகாகக் காட்ட வேண்டுமாம்.

ஜூன் 22, ஞாயிறு

அக்கா வீடு. மீன்கறி. மாமாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"மாமா, அடுத்த வாட்டி கேட்டா கட்சின்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் குறையச் சொல்லுங்க. அப்பதான் உங்க பேச்சு எடுபடும்."

"விட்டத விட்டேன்னு சொல்லாம?"

"வீட்டுக்காக மாமா."

"முப்பது வருசமா உண்மையா கட்சிக்காரனா இருந்தேன், கலா. இப்பப் பொய்க் கட்சிக்காரனா இருக்கச் சொல்றியா?" சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார். பாதிச் சாப்பாடு.

அவர் சொல்வதும் சரிதான். எனக்கு அழுகையும் வந்தது, அவர் மேல் ஆத்திரமும் வந்தது. சரியாக இருந்து என்ன, தலைக்கு மேல் கூரை வேண்டாமா?

அக்கா அடுப்பங்கரையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது, "முதல்ல கட்சின்னு சொல்லணும், அதானே?" என்றாள். ஆமாம் என்றேன்.

பதில் சொல்லிக் கொடுக்கக் கூடாது. "ஜாங்கான் ஆஜார் ஜவாபான்" என்று ஃபாரிடா ஒவ்வொரு முறையும் தலைபாடாக அடித்துக்கொள்வாள். சொல்லிக் கொடுத்தேன்தான்.

ஜூலை 8, செவ்வாய்

மறு சர்வே. நல்ல மழை, டேப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு நடந்தோம். அக்காவின் வரிசை முழுக்க யோகா. எனக்கு அந்தப் பக்கத்து வேறு தோட்டம். ஒரு நாய் துரத்தியது. கெண்டைக்காலில் சிராய்ப்பு, மஞ்சள் போட்டேன்.

யோகாவிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. இந்த முறை நடக்கும் என்று தோன்றுகிறது. அக்கா சொல்வாள்.

ஜூலை 21, திங்கள்

அக்காவின் தோட்டத்தில் கட்சிக்காரர்கள் திடீரென்று கூடியிருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாரும் ஒய்பி மேல் திருப்தி.

ரிப்போர்ட்டை இரண்டு தரம் படித்தேன். ஃபாரிடாவிடம் தப்பா என்று கேட்டேன். தப்பில்லை என்றாள். போன மாதம் தலைமுழுகியவர்கள்தானே இவர்கள்? என்ன ஆயிற்று?

சாயங்காலம் ஒய்பியின் வாய்ஸ் மெசேஜ்: "கலாக்கா, பாத்தீங்களா? எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க லா. நீங்கதான் சும்மா பயந்தீங்க."

நில விஷயம் கேட்டு அனுப்பினேன். இப்போதைக்கு அவசரமில்லை என்று பதில். கூடவே கைகூப்பும் படம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

லயம் காலி. கூரைத் தகரத்தை முதலிலேயே பிரித்துவிட்டார்கள், ஆட்கள் உள்ளே சாமான் கட்டிக்கொண்டிருக்கும்போதே.

லோரியில் ஏற்றியது: கட்டில், பீரோ, சாமிப் படங்கள், சமையல் கேஸ் தோம்பு, துணிமணி மூட்டைகள். கோழிகளைத் தோட்டத்துக் கங்காணி, மண்டோர் வீட்டில் கொடுத்துவிட்டாள் அக்கா. மாமா லோரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தவர் இறங்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் கட்டிப் பிடித்து அழுதார்கள். ஒருத்தி கிள்ளான் பக்கம் போகிறாள், ஒருத்தி ரவாங். இனி எங்கே பார்ப்பது?

ஒய்பி ஆபீசிலிருந்து மினரல் வாட்டர் அனுப்பியிருந்தார்கள்.

ஆகஸ்ட் 13, புதன்

அக்காவின் புது வாடகை வீடு. நான்காம் மாடி, லிப்ட் ரிப்பேர். மூச்சு வாங்கியது. மாமா உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், கூப்பிட்டும் திரும்பவில்லை.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நீ சொன்ன மாதிரிதான் செஞ்சேன். அப்புறம் ஏன்டி இப்படி ஆச்சு?"

"என்னக்கா செஞ்சே?"

"யோகாப் புள்ள ரெண்டாவது வாட்டி வந்தப்ப அவரு வெளிய போயிருந்தாரு. நாந்தான் பேசினேன். கட்சிதான்னு சொன்னேன். லயத்துல மத்த பொம்பளைங்களுக்கும் அப்படியே சொல்லச் சொன்னேன். எல்லாரும் சொன்னாளுங்க."

"சரி. திருப்தியான்னு கேட்டிருப்பாளே. அதுக்கு?"

மடித்த துணியை மறுபடி பிரித்தாள்.

"ரொம்பத் திருப்தின்னேன். வேற என்ன சொல்றது? கட்சின்னு சொன்ன வாயால உடனே எப்படிடி குறை சொல்றது?"