மூன்று மணிக்குக் கத்தாத பெட்டி

கண்ணு செந்திலு,

நீ போய் ஒரு மழைக்காலம் முழுதாய் முடிந்து அடுத்ததும் வந்துவிட்டது. டெய்ரி ஃபார்ம் பகுதியில் நம் வீட்டின் கீழ்ப்போர்ஷனில், நீ இருந்த அதே அறையில், சுமிதா என்ற பெங்காலிப் பெண் கைக்குழந்தையோடு குடியிருக்கிறாள். அவள் புருஷனுக்கு ஹேவ்லாக் தீவில் ரிசார்ட் வேலை. வாரம் ஒரு முறைதான் கப்பலேறி வருவான். உன் அறையை வாடகைக்கு விட்டுவிட்டேன் என்று கோபமா?

கோபப்பட வேண்டிய விஷயம் வேறு. சாரல் அடிக்கிறதென்று உன் அறை வென்டிலேட்டரை பிளாஸ்டிக் ஷீட்டால் அடைத்தது நான். நனைந்துவிடும் என்று ஜெனரேட்டரை முற்றத்திலிருந்து இழுத்து, உன் கதவோரம் நடைக்குள் வைத்ததும் நான். இந்த ஊரில் மழைக்குப் பயப்படுகிற அளவு வேறெதற்கும் நாம் பயப்படுவதில்லை. அந்த ஞாயிறு மத்தியானம் கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓடியது, நீ கீழேயிருந்து போன் செய்தாய்.

"தலை பாரமா வலிக்குதுக்கா."

"மூக்கு முட்டத் தின்னா வலிக்காதா? கொஞ்சம் தூங்கு, சரியாயிடும்."

தூங்கினாய். புகை என்றால் கண் எரியும், மூக்கில் ஏறும் என்றுதானே நினைத்திருந்தேன்? கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை என்று டாக்டர் பிறகுதான் சொன்னார்.

ஷீட்டைக் கிழித்தெறிந்தேன். ஜெனரேட்டரை விற்றேன். மெயின்லேண்டிலிருந்து ஓர் அலாரம் வரவழைத்தேன். சோப்பு டப்பா அளவு வெள்ளைப் பெட்டி. அந்த வாயு வந்தால் கத்தும். போலீஸ் வெரிஃபிகேஷன் ஃபாரத்தில் சுமிதா கையெழுத்துப் போட்ட அன்றே அவள் கண்முன்னால் மாட்டினேன்.

போன மாதம் அது கத்த ஆரம்பித்தது. கரண்ட் போகிற நாளெல்லாம், மத்தியானம் மூன்று மணிவாக்கில். நீ போன அதே நேரம். ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்திருக்கும். ஜெனரேட்டரோ வீட்டிலேயே கிடையாது. கரண்ட் போனால் தெரு முழுக்க ஜெனரேட்டர் சத்தம்தான், எது எங்கே ஓடுகிறதென்று யார் கவனித்தார்கள்? கதவைத் திறந்து வைத்தால் தானாக ஓய்ந்துவிடும்.

"தீதி, இதுல பூத் இருக்கு, ஆவி. உங்க தம்பிதான் கூப்பிடுறார், பக்கா," என்றாள் சுமிதா. வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினாள்.

போடி பைத்தியம் என்று திட்டினேன். ஆனால் உன்னிடம் மறைப்பானேன்? மாடியில் மூன்று மணிக்குக் காத்திருக்கத் தொடங்கினேன். அது கத்தினால் எனக்குப் பாதி பயம், பாதி சந்தோஷம். "வந்துட்டியாடா?" என்று கேட்பேன். வீட்டை வாடகைக்கு விட்டவள் செய்கிற காரியமா இது?

போன வியாழக்கிழமையும் கரண்ட் போனது. மூன்றடித்தது. மூன்றேகால் ஆயிற்று. கீழே சத்தமே இல்லை. இன்றைக்கு ஏன் கூப்பிடவில்லை என்று உன்னைத் திட்டிக்கொண்டே படியிறங்கினேன்.

வெகுநேரம் தட்டிய பிறகு சுமிதா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து திறந்தாள்.

"தலை சுத்துது தீதி. குட்டியும் எழும்ப மாட்டேங்குது. கொஞ்சம் தூங்குனா டீக் ஆயிடும்."

"தூங்காதேடி!" என்று நான் போட்ட கூச்சல் உனக்கும் கேட்டிருக்கும். குழந்தையைத் தூக்கி, அவளையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். மழைத்தண்ணீர் முகத்தில் பட்டதும் குழந்தை வீறிட்டு அழுதது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள்.

திரும்பி வந்து பார்த்தால், ஆவிக்குப் பயந்து சுமிதா அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி டிராயரில் போட்டிருக்கிறாள். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் புது ஜெனரேட்டர் வாங்கி, நனையாமலிருக்க நம் மதிலோரம் தகரக் கொட்டகைக்குள் வைத்து, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அதற்கு நேர் மேலே உன் வென்டிலேட்டர். மறுநாளே சண்டை போட்டு எடுக்க வைத்தேன்.

அத்தனை நாளும் பெட்டி உள்ளதைத்தான் சொன்னது. நான்தான் அதை உன் குரல் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சரி, பெட்டியே வாயடைத்துக் கிடந்த அன்றைக்கு என்னைக் கீழே கூப்பிட்டது யார்?

பேட்டரியைத் திரும்பப் போட்டுவிட்டேன். மாதாமாதம் குடியிருப்பவர் முன்னால் பட்டனை அழுத்திச் சோதித்துக் காட்டுவேன். இனி அது கத்தினால் உன்னைத் தேடமாட்டேன், உள்ளே இருப்பவர்களைத்தான் வெளியே இழுப்பேன். தலை வலிக்கிறது என்று யார் சொன்னாலும் தூங்கு என்று சொல்லமாட்டேன்டா, சத்தியம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படியிறங்கி வராத,
உன் அக்கா