அரை முகத்துக்கு ஒரு விசில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். லிப்டில் ஏறினால் கைக்கடிகாரம் 'நடங்கள்' என்று நச்சரிக்கிறதாம், உன் மாமா அதைக் கழற்றி மேசைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

போன் செய்தால், "சரிக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதில்லையா?

போன மாதம் ஒரு காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஓரமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் இடது பக்கம் அப்படியே தொங்கிக் கிடந்தது. அந்தப் பக்கக் கண் மூடவில்லை. பயத்தில் இணையத்தில் தேடினேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு இல்லாத வியாதியே இல்லை என்றாகிவிட்டது. மாமா போனைப் பிடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். "மூளையில ஒண்ணும் இல்லை, முகத்து நரம்புதான் வீங்கியிருக்கு. உடனே வந்தது நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். மாத்திரையும், கன்னத்தை உப்பி, உதட்டைக் குவித்துச் செய்யும் பயிற்சியும் கொடுத்தார். உனக்கு உன் சிகிச்சையே போதும் என்று அப்போது சொல்லவில்லை.

என் கவலையெல்லாம் வகுப்பைப் பற்றித்தான். திரையில் முகத்தைக் காட்டிக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் இந்த முகத்தோடு எப்படி உட்காருவது? முகத்தை அழகாக்கும் பில்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். கோணல் போய்விட்டது. பின்னம் நடத்திக்கொண்டே தண்ணீர் குடிக்க டம்ளரைத் தூக்கினேன் பார், பில்டர் போட்ட உதடு டம்ளர்மேல் ஒட்டிக்கொண்டு தனியாகச் சிரித்தது! பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் என்ன தோன்றியதோ, பில்டரை எடுத்துவிட்டேன். "இதுதான் இப்ப டீச்சரோட முகம். இரண்டில் ஒரு பங்கு லீவுல போயிருக்கு" என்றேன். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் நான் 'சந்தேகப்புலி' என்று பெயர் வைத்த ஒருத்தி, "வலிக்குதா டீச்சர்?" என்று கேட்டாள். வலி இல்லை, பயிற்சிதான் செய்யணும் என்றேன். "அப்ப நாங்களும் செய்யறோம்" என்றாள். திரை முழுக்கக் கன்னங்கள் பூரித்தன. வருஷம் முழுக்க வெறும் கறுப்புக் கட்டமாகவே இருந்த ஒரு பெண் அன்று கேமராவைப் போட்டாள். கன்னத்தில் பெரிய சிவப்புத் தழும்பு. அவளும் உப்பினாள்.

மறுநாள் வகுப்பு நடத்தும் கம்பெனியின் மேலாளர் கூப்பிட்டார். யாரோ ஒரு பெற்றோர் முறையிட்டாராம். "குணமாகற வரைக்கும் பழைய பதிவைப் போட்டுக்கலாமே மேடம்" என்றார். என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, பாதி வாய் என்றாலும் அதே வாய்தானே! "நான் ஒளிஞ்சுக்கிட்டா அந்தப் பொண்ணும் ஒளிஞ்சுக்குவா. வேணும்னா நாளைக்கு நீங்களே வந்து உட்கார்ந்து பாருங்க" என்றேன். வந்தார். வகுப்பு முடிவதற்குள் அவரும் கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தார். அதன்பிறகு பழைய பதிவைப் பற்றிப் பேச்சே இல்லை.

தினமும் வகுப்பு தொடங்குமுன் எல்லோரும் உதட்டைக் குவித்து விசிலடிப்போம். எனக்கு மட்டும் புஸ்ஸென்று காற்றுதான் வரும். நேற்று, ஒல்லியாக, கீச்சென்று, ஆனால் விசிலேதான் வந்தது! பிள்ளைகள் போட்ட கூச்சலில் மாமா என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார். நான் அவரைப் பார்த்து இன்னொரு விசில் அடித்தேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் மனுஷன் வெட்கப்பட்டு இப்போதுதான் பார்க்கிறேன்.

மாப்பிள்ளை எல்லாம் சொன்னார். மூன்றாவது கீமோ ஊசிக்குப் பிறகு வீட்டுக் கண்ணாடியையெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னாயாம். யாரையும் பார்க்க மாட்டேன் என்கிறாயாம். அவரைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. விடுமுறை விட்டதும் வருகிறேன், வேண்டாம் என்று சொல்ல உனக்கு நேரமில்லை. என் சிரிப்பு இன்னும் ஒரு பக்கம்தான் ஏறுகிறது, நீ தாராளமாகக் கேலி செய்யலாம்.

நீ நூறு வயது நன்றாக இருப்பாய், என் கண்ணே. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். மணி அடித்தால் நீயே வந்து கதவைத் திற. தலையில் துணி கட்டாமல் வா.

உன் வாயாடி
அக்கா