கொண்டை ஊசி வளைவில் நின்ற வண்டி

பேகம்பூர், திண்டுக்கல்
1959, ஆவணி மாதம்

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரர் அவர்களுக்கு சிவனம்மாள் வணங்கி எழுதுவது. நானும் பிள்ளை சண்முகவள்ளியும் சுகம். வடக்கே பிலாய் இரும்பாலை வேலையில் நீங்கள் சுகமாக இருப்பதாக, உங்களோடு அங்கே வேலை செய்கிற சோலைமுத்து அண்ணன் சொன்னார். அதில் பாதியைத்தான் நம்பினேன்.

அவர் ஆடிப் பெருக்குக்கு ஊர் வந்தபோது நம் வீட்டுக்கும் வந்தார். நீங்கள் அங்கே ஜல்லி சுமக்கிறீர்களாம். லாரி ஓட்டத் தெரிந்தவர்கள் முன்னால் வாருங்கள் என்று மேஸ்திரி கூப்பிட்டபோது தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நின்றீர்களாம். விலாசத்தை எனக்குத் தரக் கூடாது என்றும் சொல்லியிருந்தீர்களாம். அவர்மேல் கோபப்படாதீர்கள். வாங்காமல் நான் அவரை எழுந்திருக்க விடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கொடைக்கானல் மலையில் வண்டி மோதிய அன்றைக்கு நீங்கள் தூங்கவில்லை. இது உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லும் வார்த்தை இல்லை. வண்டியைச் சோதித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. எப்படி என்று ஒழுங்காக எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரை படியுங்கள்.

நீங்கள் போன பிறகு முதலாளி அப்துல் சுக்கூர் ராவுத்தர் அந்த ஸ்டேஷன் வேகனைத் தொடவே இல்லை. நசுங்கிய பின்பக்கத்தை மட்டும் தட்டி நிமிர்த்தி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டார். வெள்ளைக்காரத் துரையிடமிருந்து ஆசை ஆசையாய் வாங்கிய வண்டி. ஊரில் அதற்கு இணையாக வேறு வண்டி கிடையாது. போன வாரம் ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர் பொன்னுத்துரை அதை விலைக்குக் கேட்டு வந்தார். செல்ப் போட்டால் டிக் டிக் என்று சத்தம் வந்ததே தவிர இஞ்சின் அசையவில்லை. உடனே மெக்கானிக் ராயப்பராஜ் அண்ணனுக்கு ஆள் போயிற்று.

அவர் வந்து பாட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வந்தார். பிறகு இஞ்சின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. பிளக்குகளில் கரி, டாங்கியில் கெட்டுப்போன பெட்ரோல். எல்லாவற்றையும் சுத்தம் செய்து, பாயிண்டைத் தேய்த்து மாட்டினார். கறுப்பாய்ப் புகை கக்கிவிட்டு வண்டி எழுந்துகொண்டது. முதலாளி வீட்டில் வேலையாய் இருந்த எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கை ஓடவில்லை. நேரே ஷெட்டுக்குப் போய்விட்டேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் நீங்கள் என்னிடம் சொன்ன முதல் பேச்சு ஞாபகம் இருக்கிறதா? "ஹாரன் அடிச்சேன், சத்தமே வரல" என்றீர்கள். அது கனவு என்று எல்லாரும் தள்ளிவிட்டார்கள். ஏனென்றால் வண்டியை மலையிலிருந்து இறக்கியபோது ஹாரன், விளக்கு எல்லாம் நன்றாக வேலை செய்தன. முந்தைய இரவு பிள்ளைக்குக் காய்ச்சல், நீங்கள் விடிய விடிய அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அது எல்லாருக்கும் தெரியும். முதலாளி கட்டில் பக்கம் நின்று "தூங்கிட்டியாப்பா?" என்று கேட்டதும் ஆமாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். ஹாரனைத் தவிர எதுவும் நினைவில் இல்லாத மனிதர் எதற்காக ஆமாம் என்று சொல்ல வேண்டும்? தூங்குகிறவன் ஹாரனை அமுக்குவானா? இதையேதான் இத்தனை மாதமும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ராயப்பராஜ் அண்ணனிடம் கேட்டேன். "ஹாரன் நல்லாத்தானே இருக்கு தங்கச்சி" என்று அமுக்கிக் காட்டினார். தெருவே திரும்பிப் பார்த்தது. நான் விடவில்லை. "நேரா நிக்கிற வண்டியில அடிக்குது அண்ணே. அவுக வளைவுல திரும்பும்போதுல்ல அடிச்சாக. ஸ்டீயரிங்க ஒடிச்சு வச்சு அடிங்க" என்றேன்.

அவர் இஞ்சினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தார். இடப்பக்கம் முழுக்க ஒடித்து அமுக்கினார், அடித்தது. வலப்பக்கம் முழுக்க ஒடித்தார். இஞ்சின் பொட்டென்று நின்றுவிட்டது. ஹாரனை அமுக்குகிறார், சத்தம் இல்லை. விளக்கு இல்லை, வைப்பர் இல்லை. ஸ்டீயரிங்கை நேராக்கினதும் எல்லாம் திரும்ப வந்துவிட்டன. பொன்னுத்துரை இரண்டு அடி பின்னால் போய், "என்னங்க இது, பேய் புடிச்ச மாதிரி இருக்குதுங்களே" என்றார்.

ராயப்பராஜ் அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பாட்டரியிலிருந்து சுவிட்சுக்குப் போகிற பெரிய ஒயரை என்றைக்கோ யாரோ இடம் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். வலப்பக்கம் ஒடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங்கின் இரும்புக் கை அதைத் தள்ளி இழுத்திருக்கிறது. மேலே ரப்பர் முழுசாக இருக்கிறது, உள்ளே கம்பி அறுந்து கிடக்கிறது. இழுபட்டால் கரண்ட் போய்விடும், விட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அன்றைக்குச் சோதித்தவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அப்போது நம் முதலாளியம்மா அஜீஸுன்னிசா ஷெட் வாசலுக்கு வந்தார்கள். அன்றைக்குப் பின் ஸீட்டில் இருந்தவர்கள் அவர்கள்தானே. ஒடிந்த கை கூடிவிட்டது, ஆனாலும் முழுக்க நீட்ட வராது. தலை வாரிவிடுவது முதல் நான்தான் செய்கிறேன். அவர்கள் சொன்னார்கள்: "அன்னைக்கு வைப்பர் திடீர்னு நின்னுச்சு. கண்ணாடி முழுக்க தண்ணி வழிஞ்சுச்சு. அதுக்கப்புறந்தான் வண்டி பின்னால போச்சு. டிரைவரு 'கெட்டியாப் புடிச்சுக்கங்கம்மா'ன்னு கத்துனாரு."

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று ராவுத்தர் கேட்டார். "என்னய யாரு கேட்டீக?" என்றார்கள். 

அடுத்து ராவுத்தர் கேட்டது நியாயமான கேள்வி. இஞ்சின் நின்றாலும் பிரேக் பிடித்திருக்க வேண்டுமே என்றார். ராயப்பராஜ் அண்ணன் ஜாக்கி போட்டுத் தூக்கிப் பின் சக்கரங்களைக் கழற்றினார். ஆக்ஸில் எண்ணெய் உள்ளே கசிந்து பிரேக் கட்டைகள் ஊறிப்போயிருந்தன. வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது, சக்கரத்தைக் கழற்றினால்தான் தெரியும் என்றார். "அந்த ஏத்தத்துல பாரம் பூரா பின் சக்கரத்து மேலதான், இத வச்சுக்கிட்டு யாராலயும் நிறுத்த முடியாது. அவரு மலப்பக்கமா ஒடிச்சுப் பாறையில சாத்தியிருக்காரு. இல்லேன்னா அவரும் அம்மாவும் பள்ளத்துல கெடந்திருப்பாக" என்று முதலாளி முகத்துக்கு நேரே சொன்னார்.

ராவுத்தர் தார்ப்பாயை எடுத்துத் தானே மடித்து வைத்தார். வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். பொன்னுத்துரைக்கு மனத்தாங்கல்தான். போகும்போது, "வண்டி இல்லீன்னா பரவாயில்லீங்க, அந்த டிரைவரையாச்சும் எனக்குக் குடுங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நான் எழுதுனா முதலாளி கூப்புடுறாருன்னு வருவாரு. அது வேணாம். நீ எழுதும்மா. ஆஸ்பத்திரியில நான் தூங்கிட்டியான்னு கேட்டது தப்புன்னும் எழுது" என்றார். அப்படியே எழுதிவிட்டேன்.

இப்போது ஒயர் புதுசு, பிரேக் கட்டை புதுசு, எண்ணெய் கசிந்த இடத்தையும் அடைத்தாயிற்று. ராயப்பராஜ் அண்ணன் வத்தலக்குண்டு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அஜீஸுன்னிசா அம்மா அதில் ஏற மாட்டேன் என்கிறார்கள். பயத்தினால் இல்லை. கொடைக்கானலில் இருக்கிற தங்கச்சியைப் பார்க்க, விட்ட இடத்திலிருந்து நீங்கள் ஓட்டினால்தான் அதில் ஏறிப் போவார்களாம்.

ஊரில் மழை இல்லை. குடிதண்ணீருக்குத்தான் பெரும்பாடு. பிள்ளை இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். எங்கள் அப்பா வடக்கே பெரிய வண்டி ஓட்டுகிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். நான் திருத்தவில்லை. அவளைப் பொய்க்காரி ஆக்காதீர்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் போனீர்களே, அதில் எனக்குக் கோபம் உண்டு. தீரவில்லை. ஆனால் அது நேரில் சண்டை போட்டுத் தீர்க்க வேண்டிய கோபம், கடிதத்தில் அடங்காது. வந்ததும் ஸ்டீயரிங்கைத் தொட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. கை நடுங்கினால் நடுங்கட்டும். நம் வீட்டில் இருந்துகொண்டு நடுங்கட்டும்.

உங்கள் பெயரை நான் எழுதக் கூடாது என்பதால் உறையின் மேல் ராயப்பராஜ் அண்ணன் எழுதித் தருகிறார். பெயருக்குப் பக்கத்தில் டிரைவர் என்று அவராகவே சேர்த்துப் போடுவதாகச் சொன்னார். போடட்டும்.

எந்த ரயில் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத மனம் வராவிட்டால் எழுதாமலே ஏறிவிடுங்கள். பட்டணத்திலிருந்து வருகிற ரயிலை நானும் பிள்ளையும் தினமும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறோம். வழி தூரம். ரயிலை ஓட்ட வேறு ஆள் இருக்கிறார். நீங்கள் ஜன்னலோரம் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டு வாருங்கள். திண்டுக்கல் வந்ததும் நாங்கள் எழுப்பிக்கொள்கிறோம்.

வழி பார்த்திருக்கும்,
சிவனம்மாள்