தொரைக்குக் கட்டிய கண்ணாடி வீடு

உன் மகன் செய்தது அநியாயம். உன்னைக் கூடத்தில் ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்த அன்று, இடம் போதவில்லை என்று உன் ஹாம்ஸ்டரின், அந்தச் செல்ல எலியின், கண்ணாடித் தொட்டியை மொட்டைமாடிக்கு ஏற்றினான். அதைக் குறை சொல்ல மாட்டேன்; சாவு வீட்டில் இடம் வேண்டும். ஆனால் உன்னைக் கல்லறையில் வைத்துவிட்டுத் திரும்பிய பிறகும் அது பழைய இடத்துக்கு வரவில்லை. உள்ளே இருந்த உயிரைக் கிளிக்கூண்டில் போட்டு மாடித் தகரத்தின் கீழ் வைத்துவிட்டு, தொட்டியைப் படுக்கவைத்து வாசலில் செருப்பு அடுக்கிவிட்டான்.

கூண்டோடு அதைத் தூக்கி வந்துவிட்டேன். இப்போது என் அடுப்பில் அதற்காக மணல் வறுபடுகிறது. இந்த வாசனைதான் என்னை எழுத உட்காரவைத்தது.

உன் பேத்தி காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போது உன்னிடம் விட்டுப்போன பிராணி அது. நீ அதற்குத் தொரை என்று பேர் வைத்தாய். பகலெல்லாம் தூங்கி, விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்து சோம்பல் முறிப்பவனுக்கு வேறு என்ன பேர் வைப்பது என்று கேட்டாய். தண்ணீரில் குளிக்காது, மணலில் புரண்டுதான் குளிக்கும் என்று போனில் பார்த்துக் கற்றுக்கொண்டோம். காசிமேட்டுக் கடல் மணலை அப்படியே அள்ளி வந்து போட, உப்புப் பிசுக்கில் ரோமம் சடை பிடித்தது. அதன்பிறகு அலசி, காயவைத்து, சலித்து, உன் வீட்டு வடைச் சட்டியில் வறுத்தோம். உன் மருமகள் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை.

அதன் படுக்கைக்கு நீ பனியன் வேஸ்ட், பனியன் கம்பெனியில் மிஞ்சும் நூல் கழிவு, கொண்டுவந்தாய். ஆர்பரில், கப்பல் சரக்கு வேலையில், இத்தனை வருஷம் ஒன்றாக அதில் கிரீஸ் கையைத் துடைத்த நமக்கு, மெத்தென்றால் அதுதானே நினைவுக்கு வரும்.

"இன்னாடா இது, இஞ்சின் தொடைக்கிறதுக்கா?" என்றேன்.

"புது வேஸ்ட்டு மாமு. வண்ணாரப்பேட்டைல தோஸ்து குடுத்தான். தொட்டுப் பாரு, எப்டி கீது."

மறுநாள் சாயங்காலம் தொரை எழுந்து வரவில்லை. பின்னங்காலில் நூல் சுற்றி இறுகியிருந்தது. அதை நான் கைக்குட்டையில் பிடித்துக்கொள்ள, நீ கண்ணாடி மாட்டிக்கொண்டு நகம் வெட்டும் கத்தரியை எடுத்தாய். சரக்குத் தொங்கும்போது வின்ச்சை மயிரிழையில் நிறுத்துகிற கை, அன்று நூலைத் தேடி இரண்டு தடவை தப்பியது.

"ஆடாத தொரை. காலு பூடும். மாமு, அழுத்திப் புடிக்காதடா, அதுக்கு எலும்பே ஈர்க்குச்சி மாறி கீது."

நூல் அறுந்தது. அது உன் உள்ளங்கையிலேயே உட்கார்ந்து காலை நக்கியது. நீ வெகுநேரம் கையை அசைக்கவில்லை. பிறகு சொன்னாய்: "மெத்துனு இருந்தா மட்டும் போதாதுடா. மாட்டிக்கினா கயட்டிக்கினு வரத் தோதா இருக்கணும்."

அன்றிலிருந்து மை படாத வெள்ளைத் தாளை மட்டும்தான் கிழித்துப் போட்டாய். அது ஏறி ஓடும், கம்பிக் கம்பியாக இருந்த சக்கரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, கால் சிக்காத முழுத் தகடுச் சக்கரம் வாங்கினாய். வடக்கே இருக்கும் ஆலைகளிலிருந்து கேஸ் நாற்றம் வரும் நாட்களில் நமக்கு முன்னால் அது தாளுக்குள் முகத்தைப் புதைக்கும். நீ ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாய். "தொரை எய்ந்துட்டாரு, வாடா" என்று தினமும் போன் செய்வாய். இப்போதும் அந்த நேரத்துக்கு என் காது போன் பக்கமே போகிறது.

நேற்று உன் மகனிடம் தொட்டியைக் கேட்டேன்.

"பெரீப்பா, ஒரு எலிக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? கூண்டுலதான வச்சேன், தெருவுலயா வுட்டேன்?"

"செருப்புக்குக் கண்ணாடி வூடு, உசுருக்குக் கம்பியாடா?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கூண்டுக்குள் தொரை கம்பியைக் கடித்தே மூக்கைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கிறது. குழி தோண்ட ஆழமில்லாமல் வெறும் தகட்டைச் சுரண்டுகிறது. இப்படியே விட்டால் அதிக நாள் தாங்காது. உன் உள்ளங்கையில் உட்கார்ந்து பழகியதில் மூச்சு விடுவது இது ஒன்றுதான் மிச்சம். இதையும் போகவிட எனக்கு மனமில்லை.

ஆகவே சொல்லிவிடுகிறேன். உன் மகன் செருப்புகளை இறக்கிவிட்டு, தொட்டியைக் கழுவி, அவனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஆள் அனுப்பினால் வாங்க மாட்டேன். உன் மருமகள் மிளகாய் காயவைக்க எடுத்துக்கொண்ட தொட்டியின் வலை மூடியைத் திருப்பித் தர வேண்டும். அதற்குப் புகை ஆகாது என்பதால், என் வீட்டுக்காரி வெள்ளிக்கிழமை சாம்பிராணியைத் தொரை இருக்கும் அறைக்குள் காட்டக் கூடாது; சொன்னேன், முறைத்தாள், ஒத்துக்கொண்டாள். உன் பேத்தி லீவுக்கு வந்தால் வாசனை கிரீம் பூசாத கையோடு இங்கே வர வேண்டும். நான் ஒரு முழங்கை ஆழத்துக்குத் தாள் கிழித்துப் போட வேண்டும். விளக்கு வைக்கும் நேரத்தில் அது கண் விழித்து மூக்கை நீட்டும்போது, எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு நான் இருக்கிறேன்.