தேங்காய்ப் பாதுகாப்பு அதிகாரி

அப்பாவுக்கு வைஜெயந்தியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் சௌக்கியம்.

ஞாயிறுதோறும் ஆபீஸ் நண்பர்களோடு இந்தத் தீவின் கராச்சர்மா ஊர்த் தென்னந்தோப்பில் ஒரு பொய் ஆவணப்படம் எடுக்கிறோம், சிரிக்க வைக்கத்தான். எழுதியது நான். ஜனங்கள் தலையில் தேங்காய் விழாமல் காக்கும் அதிகாரியாக நடிப்பதும் நானே. போன வாரம் நான் பேட்டி கொடுக்கும்போது நிஜத் தேங்காயே விழுந்தது. பக்கத்தில்தான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம். கேமரா பிடித்த குணா, "பகுத் அச்சா, ரொம்ப நல்லா வந்திருக்கு, இன்னொரு டேக் போலாமா?" என்றான். போனோம். இரண்டு பேர் பயந்து விலகிவிட்டார்கள். மழைக்கு முன் நான் முடித்தே தீருவேன்.

ஆணியில் தொங்கும் உங்கள் பழைய ஹெல்மெட்டை அனுப்புங்கள். இங்கே புதிது கிடைக்கும்தான். துடைக்கிறேன் என்று அதிலிருக்கும் உங்கள் தலை எண்ணெய் வாசத்தைப் போக்கிவிடாதீர்கள்.

குணா கூப்பிடுகிறான், வெளிச்சம் போகிறதாம்.

உங்கள் மகள்
வைஜெயந்தி