வாயில் வைத்துப் பார்க்காத தண்ணீர்

திருத்துறைப்பூண்டி
புரட்டாசி 9

அன்பு மகள் பிரகதீஸ்வரிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் முக்கால் பங்கு நலம். மீதிக் கால் பங்கில் என் வலது முழங்காலும் அம்மாவின் சர்க்கரையும் இருக்கின்றன. ஆக்லாந்தில் குளிர் விலகத் தொடங்கியிருக்கும், நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். வீடு, வேலை, படித்தது, பார்த்தது, இந்த நான்கையும் மாதம் ஒருமுறை எழுதிவிட வேண்டும் என்று விமானம் ஏறும்போது நீ போட்ட உத்தரவை இதுவரை மீறியதில்லை. ஆவணிக் கடிதம் ஏன் வரவில்லை என்று நீ போனில் கேட்டதற்கு வேலை அதிகம் என்றேன். அது உண்மையில்லை. எழுத வேண்டியது ஒன்று இருந்தது, எழுத மனம் வரவில்லை. இந்தக் கடிதத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பாமல் தபாலில் போடுவதற்கும் காரணம் அதுதான்.

முதலில் வீடு. கொல்லைப்புறச் சுவரில் ஈரம் ஏறுகிறது, மழைக்கு முன்னால் பூசிவிட வேண்டும். அம்மா காலையில் கேழ்வரகுக் கஞ்சிக்கு மாறிவிட்டாள், ஆனால் மாலையில் பூந்தி டப்பா தானாகக் குறைகிறது, கேட்டால் எறும்பு என்கிறாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவளோடு உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்க்கிறேன். ஒருவர் ஒரே ஒரு உண்மையைச் சொல்லிவிட்டால் முடிந்துபோகிற கதையை நானூறு நாளாக இழுக்கிறார்கள். முன்பெல்லாம் கிண்டல் செய்வேன், இந்த மாதம் வாய் திறக்கவில்லை. படிப்பு குறைந்துவிட்டது, இடது கண்ணில் புரை முற்றட்டும் என்று டாக்டர் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார். நூலகத்தில் ஒரு கலங்கரை விளக்கத்துக் காவலரின் நினைவுக் குறிப்பை எடுத்து வந்தேன், தினமும் கடல் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் குறித்து வைத்திருக்கிறார், நன்றாகத்தான் இருந்தது. எண்பதாம் பக்கத்தில் மூடி வைத்தவன் இன்னும் திறக்கவில்லை. அதற்கான காரணம் வேலையில் இருக்கிறது.

ஆவணிப் பௌர்ணமி அன்று காலை, கீழப்புன்னங்காட்டுச் சட்ரஸுக்குத் தண்ணீர் வந்துவிட்டதாகப் போன் வந்தது. வேதாரண்யம் பக்கம், ஆறு கடலைத் தொடுவதற்கு முன் கடைசியாக இருக்கிற கதவணை அது. கடைமடைக்குக் காவிரி வந்தது என்பதுதான் இந்தப் பக்கத்து நிருபருக்கு வருஷத்தின் பெரிய செய்தி, உனக்குத் தெரியும். இரண்டு பஸ் மாறிப் போனேன். பாலத்தில் நின்று பார்த்தால் கதவுக்கு இருபுறமும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது, மேல்புறத்தில் கொக்குகள் நின்றன. முப்பத்தெட்டு வருஷமாக எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அங்கே எந்தத் தண்ணீரைப் பற்றி எழுதினாலும் கரை இறங்கி, ஒரு கை அள்ளி, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். அன்று கரை சறுக்கலாக இருந்தது, முழங்கால் முந்தின நாளிலிருந்தே வீங்கியிருந்தது, நாலு மணிக்குள் படம் வேண்டும் என்று பத்திரிகையின் திருச்சி டெஸ்க்கிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்கள். பாலத்திலிருந்தே படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் நாலு பத்தி அகலத்தில் வந்தது, கடைமடையைத் தொட்டது காவிரி என்று தலைப்பு.

ஐந்தாம் நாள் ஃபாஜில் வீட்டுக்கு வந்தான். உன்னோடு பத்தாம் வகுப்பு படித்தவன், மளிகைக் கடை அப்துல் ஜலீலின் மகன். குவைத்தில் ஆறு வருஷம் லாரி ஓட்டியவன், போன தையில் ஜலீலுக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டதால் இனிப் போவதில்லை என்று திரும்பி, கீழப்புன்னங்காட்டில் ஒன்பது மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட இறங்கினான். மூன்று ஏக்கர், அவனுக்கு முதல் வெள்ளாமை. கப்பலில் போகிற குடும்பத்தில் சேற்றில் இறங்குகிற முதல் ஆள் என்று அவன் அம்மா சைத்தூன் பீவி ஊரெல்லாம் சொல்லிக் கேலி செய்தார், அதில் பெருமையும் இருந்தது. குளத்துத் தண்ணீரில் நாற்று விட்டிருக்கிறான், குளம் வற்றிக்கொண்டிருந்தது. வந்தவன் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு பிடி நாற்றை எடுத்து மேஜையில் வைத்து, என்ன நோய் என்று தெரியவில்லை, வேளாண்மை ஆபீசில் யாரையாவது கேட்டுச் சொல்ல முடியுமா என்றான். நுனியெல்லாம் வைக்கோலாகக் கருகியிருந்தது. எந்தத் தண்ணீர் பாய்ச்சினாய் என்று கேட்டேன். "நீங்க எழுதியிருந்தீங்கள்ல மாமா, அந்தத் தண்ணிதான். பேப்பரப் பாத்துட்டு அன்னைக்கே இஞ்சின் போட்டு நெறைய விட்டேன்" என்றான்.

அவன் பைக்கிலேயே போனோம். இந்தத் தடவை உட்கார்ந்து உட்கார்ந்து கரை இறங்கினேன். தேங்கிக் கிடந்ததில் ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. பௌர்ணமி ஏற்றத்தில் கடல் உள்ளே வந்து, இற்றுப்போன கதவின் சந்து வழியாக மேல்புறத்திலும் நிறைந்திருக்கிறது. காவிரி அப்போது இருபது கிலோமீட்டருக்கு மேலேயே நின்றிருந்தது. செய்தி அனுப்பிய அன்று காலை காலண்டர் தாளைக் கிழித்தவனே நான்தான், அதில் பௌர்ணமி என்று போட்டிருந்தது. அவனிடம் சொன்னேன். "எனக்குத் தோணுச்சு மாமா, வாயில வெச்சுப் பாப்போம்னு. பேப்பர்லயே வந்துடுச்சேன்னு விட்டுட்டேன்" என்றான். என் செய்தியை நம்பி ஒருவர் ஒரு காரியம் செய்ததாக முப்பத்தெட்டு வருஷத்தில் நேரில் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் வீட்டுக்குப் போனால் சைத்தூன் பீவி டீ கொடுத்தார், மகனைத்தான் திட்டினார், ஆனால் என்னைப் பார்த்துத் திட்டினார். "பேப்பர்ல போட்டா உப்புத்தண்ணி இனிச்சிடுமாடா?" என்றார். ஜலீல் படுக்கையிலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டான், பேச்சு இன்னும் வரவில்லை. பழைய கம்பெனிக்காரன் கூப்பிடுகிறான், பதினைந்து நாளில் நடவு இல்லையென்றால் கிளம்ப வேண்டியதுதான் என்று ஃபாஜில் வாசலில் வைத்துச் சொன்னான். மறுபடி விதைத்து நாற்றுவிட நாள் இல்லை. விலைக்குத் தேடினோம், எங்கும் இல்லை, எல்லோரும் அளவாக விட்டிருந்தார்கள்.

திருத்தம் போடச் சொல்லி நாலு வரி எழுதி டெஸ்க்குக்கு அனுப்பினேன். அங்கே இப்போது இளவழகன் என்று ஒரு பையன், நல்ல பையன்தான். அவன் போன் செய்தபோது நிஜமாகவே காவிரித் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. "சார், ஒம்போது நாள்ல தண்ணி வந்துடுச்சுல்ல. அப்ப நம்ம செய்தி சரிதானே, கொஞ்சம் முந்திட்டோம். முந்துறதுக்குத்தானே சார் பத்திரிகை" என்றான். திருத்தம் வரவில்லை.

நாற்று இருந்த இடம் ஒன்றுதான், தென்பாதியில் உன் இராஜாங்கம் மாமா. எப்போதும் தேவைக்கு மேல் ஒரு பங்கு நாற்று விடுகிறவர் என்று அம்மாதான் நினைவுபடுத்தினாள், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுக்களைக்குப் போய்விட்டாள். அவள் தம்பி இந்த வீட்டு வாசலை மிதித்து ஏழு வருஷம் ஆகிறது. ஊர் வடிகால் வாய்க்காலுக்குள் அவர் வரப்பைத் தள்ளிப் போட்டுப் பதினான்கு அடியை ஆறு அடியாக்கியிருந்ததைப் புல எண்ணோடு நான் எழுதினேன், தாசில்தார் சர்வேயரோடு வந்து வரப்பை வெட்டினார். பெயரை மட்டுமாவது விட்டிருக்கலாம் என்று அம்மா அழுதாள். மற்றவர்கள் பெயரைப் போட்டுவிட்டு மைத்துனர் பெயரை விட முடியாது என்றேன்.

டவுன் பஸ்ஸில் போனேன். உழவு இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்க அத்தான். இந்தத் தடவ எந்த வரப்ப அளக்க வந்தீங்க?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், தண்ணீரை வாயில் வைக்காததையும் சேர்த்து. சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. நாற்று இருக்கிறது, பணம் வேண்டாம் என்றார். பிறகு, "ஒரே வார்த்த அத்தான். அன்னைக்கு என்னப் பத்தி எழுதுனதும் தப்புன்னு இந்த வாசல்ல நின்னு சொல்லுங்க. பேப்பர்ல போட வேணாம். இவ காதுல விழுந்தாப் போதும்" என்றார். மாலதி அத்தை நிலைப்படியில் நின்றிருந்தாள், களத்தில் இரண்டு ஆட்கள் இருந்தார்கள். அந்தச் செய்தியில் தப்பு எதுவும் இல்லை, பிரகதி. வாய்க்காலை நாடா பிடித்து நானே அளந்தேன், வரைபட நகல் இன்னும் என் தகரப் பெட்டியில் இருக்கிறது. "தப்புதான் மாப்பிள்ள. சரியா விசாரிக்காம எழுதிட்டேன்" என்றேன். அவர் மாலதியைத் திரும்பிப் பார்த்து, கேட்டுக்கொண்டாயா என்றார். சாப்பிடாமல் விடவில்லை. அவர் கையாலேயே சோறு போட்டார், நான் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் குட்டியானை வண்டியில் நாற்று ஏற்றி அவரே ஃபாஜில் வயலுக்கு ஓட்டிப் போனார், வரப்பு போட்டிருக்கிற லட்சணத்தைப் பார்த்துத் திட்டிவிட்டு, மண்வெட்டியை வாங்கித் தானே சரிசெய்தாராம். போன வியாழக்கிழமை நடவு முடிந்தது. பார்த்துவிட்டு வந்தேன், பச்சை பிடித்துவிட்டது. ஃபாஜில் போகவில்லை. மாமா வாரம் ஒருமுறை அம்மாவுக்குக் கத்தரிக்காய் கொடுத்தனுப்புகிறார், தீபாவளிக்குக் குடும்பத்தோடு வருகிறார். அம்மா இரண்டு நாளாகப் பரணில் இருந்து பெரிய பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருக்கிறாள். அத்தான் தப்பை ஒத்துக்கொண்டார் என்று மாமா தென்பாதி முழுக்கச் சொல்லிவிட்டார், அம்மாவும் நம்புகிறாள். அப்போதே விசாரித்திருக்கக் கூடாதா, ஏழு வருஷம் போயிற்றே என்று என்னிடமே சொன்னாள். நான் ஆமாம் என்றேன்.

முந்தாநாள் பஸ் நிலையத்தில் நாகநாதனைப் பார்த்தேன். அந்த வாய்க்காலுக்குக் கீழே நிலம் வைத்திருப்பவர், வடிகால் அடைத்தால் முதலில் மூழ்குவது அவர் பயிர், அன்று எனக்குத் தகவல் சொன்னவரும் அவர்தான். "தப்புன்னு சொல்லிட்டீங்களாமே சார்" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். பஸ் வந்துவிட்டது என்று ஏறிவிட்டேன், அது நான் போக வேண்டிய பஸ்கூட இல்லை. ஐப்பசி மழைக்கு முன் தென்பாதிக்குப் போய் வாய்க்காலைப் பார்த்து வர வேண்டும், நாடாவை எடுத்து வைத்திருக்கிறேன். வரப்பு மறுபடி நகர்ந்திருந்தால், தப்பு என்று சொன்ன வாயோடு அதை எழுத வேண்டியிருக்கும்.

பத்திரிகையில் இடம் கிடைக்காததால் உன்னிடம் பதிவு செய்து வைக்கிறேன். கீழப்புன்னங்காட்டுக்கு ஆவணிப் பௌர்ணமி அன்று வந்தது காவிரித் தண்ணீர் அல்ல, கடல் தண்ணீர். தென்பாதி வடிகால் வாய்க்கால் பற்றி ஏழு வருஷத்துக்கு முன் எழுதியது முழுக்கச் சரி. இரண்டையும் எழுதியவன் நான்.

கண்ணைக் கெடுத்துக்கொண்டு போன் பார்க்காதே, சாப்பாட்டை நேரம் தவறாமல் சாப்பிடு, மாப்பிள்ளையின் முதுகுவலிக்கு விளக்கெண்ணெய் தடவச் சொல்லி அம்மா சொல்கிறாள். உங்கள் இருவருக்கும் எல்லாம் குறைவில்லாமல் அமையட்டும், அம்மாவின் ஆசியும் என் ஆசியும். படித்ததும் இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வை, இதைப் பற்றிப் போனில் எதுவும் கேட்காதே, என் போனை அம்மாதான் எடுப்பாள். தீபாவளியன்று நீ கூப்பிடும்போது மாமா இங்கே இருப்பார், அப்பா ஒத்துக்கொண்ட கதையை உனக்கும் ஒருமுறை சொல்லிச் சிரிப்பார். நீயும் கூடச் சிரித்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
வெ. சாரங்கபாணி