பஸ்ஸுக்குப் பொட்டு வைத்தவருக்கு

என்னங்க,

மடுல்சீமையிலிருந்து பதுளைக்குப் பஸ் இறங்கும் மலை வளைவுகளில் பிரேக் கருகும் வாசம் இன்றைக்கும் அதேதான். பரீட்சைக்குப் போகிற நம் மகள், முன் சீட்டில் இடம் பிடித்துக் குடியியல் பாடத்தைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டு வந்தாள். பொதுச் சொத்தைப் பாதுகாப்பது ஒவ்வொருவருடைய அடிப்படைக் கடமையாம். அரசியலமைப்பிலேயே இருக்கிறதாம். எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது.

நீங்கள் அதையெல்லாம் படித்தவரில்லை. ஆயுத பூஜைக்குத் தோட்டத்தில் எல்லோரும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் கொழுந்துக் கூடைக்கும் சந்தனம் வைப்பார்கள். நீங்கள் மட்டும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடுவீர்கள், அரசாங்க பஸ்ஸுக்குப் பொட்டு வைக்க. சிங்கள டிரைவரும் சிரித்தபடி நெற்றியைக் காட்டுவார்.

"என்னமோ ஒங்க அப்பன் வீட்டு பஸ்ஸு மாதிரி!" என்பேன்.

"ஆமா. ஒங்கப்பன் வீட்டு பஸ்ஸுந்தான்."

குடியிருக்கிற தோட்டத்து லயத்து அறைக்கே நம் பேரில் உறுதிப் பத்திரம் இல்லை, இதில் கடமை ஒரு கேடா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

சம்பளம் கேட்டுப் பஸ்ஸை மறித்த அன்று நீங்களும் கொடி பிடித்துத்தான் நின்றீர்கள். பையன்கள் கல்லை எடுத்ததும் கொடியைப் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டீர்கள்.

"சம்பளம் நானுந்தான்டா கேக்கிறேன். பஸ்ஸு என்னடா செஞ்சிச்சு?"

தோட்டத்துத் தொரைக்கு வால் பிடிக்கிறவன் என்று உங்களை ஏசினார்கள். மேல் லயத்துப் பையன் எறிந்த கல் உங்கள் தலைக்கு மேலே போய்க் கண்ணாடியை நொறுக்கியது. அதோடு பஸ் வருவது நின்றுபோனது.

அந்த மழைக்காலத்தில்தான் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, கொழுந்து ஏற்றும் லொறி வரும்வரை ரோட்டோரத்தில் உங்களை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பஸ்ஸு வந்திருமா?" என்று கேட்டீர்கள்.

"வந்திருங்க," என்று பொய் சொன்னேன்.

வழியில் பசறையைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பஸ் ஓடியிருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்கள் என்று நினைக்காத நாளில்லை. ஏசியவர்கள்தான் உங்கள் பாடையைத் தூக்கினார்கள். கல்லெறிந்த அந்தப் பையனும் தோள் கொடுத்தான்.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. இன்றைக்கு அவன் அதில் இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, "அக்கா, ஒக்காருங்க," என்றான். நீங்களாக இருந்தால் அவன் தோளைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். உங்களை நினைத்து ஓர் அடி எடுத்து வைக்கத்தான் பார்த்தேன். முடியவில்லைங்க. நான் உட்காரவில்லை, அவனும் திரும்ப உட்காரவில்லை. அத்தனை நெரிசலிலும் அந்த சீட் பதுளை வரை காலியாகவே வந்தது.